வீட்டுப் பட்டறைக்குக் காற்றுப் பொறி

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட யாம் இன்று இலக்கியப் பொருள் ஒன்றைக் குறித்தே பேசுவோம் எனப் பலர் எண்ணி வந்திருக்கலாம். ஆனால், சென்ற சில திங்களாக எம் இல்லம் தேடி வந்த நம்மவர் கேட்டவை சொற்பொருள் பற்றிய ஐயங்கள் அல்ல. "மகன் வீட்டிலேயே பட்டறை வைக்கிறான், காற்று மெஷின் வேண்டும் என்கிறான். ஒரு கடைக்காரர் இரண்டு குதிரைச் சக்தி போதும் என்கிறார். மற்றொருவர் மூன்று இல்லாமல் முடியாது என்கிறார். எதை வாங்குவது, ஐயா?" என்பதே அவர்தம் கேள்வி. நகையை அடகு வைத்தும் கடன் பெற்றும் வாங்கப்படும் பொருளாகையால் இக்கேள்வியை அற்பமென்று தள்ளுதல் தகாது. எம் வீட்டுப் பின்கட்டிலும் தந்தையார் காலத்துத் தச்சுப் பட்டறை உண்டு. விடுமுறை நாட்களில் யாமும் உளி பிடிப்பதுண்டு. அவ்வுரிமை பற்றியே ஈண்டுப் பேசத் துணிந்தோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். கம்பிரெஸர் என்னும் இப்பொறியைக் காற்றழுத்தி என்பாரும், காற்றமுக்கி என்பாரும், வளியமுக்கி என்பாரும் உளர். அமுக்குதல் என்னும் வினையே பொருளுக்கு அணித்தாயுள்ளது. பஞ்சைப் பொதியாக அமுக்குவதுபோலப் பரந்த காற்றைச் சிறிய இடத்தில் அமுக்கி அடைப்பதன்றோ இதன் செயல்? எனினும், இச்சொற்களுள் எதனைக் கடைத்தெருவிற் சொன்னாலும் கடைக்காரர் நம் முகத்தைப் பார்ப்பரேயன்றிப் பொறியைக் காட்டார். ஆதலின் வழக்கு நோக்கிக் கம்பிரெஸர் என்றே கூறுவோம்.

நம் முன்னோர் காற்றைக் கையாள அறியாதவரல்லர். உலைக்களத்துத் தோல்துருத்தி இல்லாமல் ஒரு கொழுமுனையும் அடித்திருக்க முடியாது. ஆனால் துருத்தி, மிகுந்த காற்றை மெல்லிய அழுத்தத்தில் ஊதுவது. கம்பிரெஸர், சிறிதளவு காற்றைப் பேரழுத்தத்தில் தருவது. துருத்தியை இயக்கும் கை ஓய்ந்தால் காற்றும் உடனே ஓயும். கம்பிரெஸரிலோ காற்றைச் சேர்த்துவைக்கும் இரும்புக் கலம், அஃதாவது டாங்கி, உண்டு. வாங்குவோரின் மயக்கமும் இந்த டாங்கியிலிருந்தே பிறக்கிறது. பயன்படுத்துவோரின் ஆபத்தும் இதிலிருந்தே பிறக்கிறது. இன்றைய பேச்சின் பெரும்பகுதி இவ்விரண்டைப் பற்றியதே.

அமுக்கிய காற்றின் வலிமையை உலகம் நன்கு கண்டது ஆல்ப்ஸ் மலையிலே. இன்று பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையிலுள்ள மொன்சனிச் சுரங்கம் 1857ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1861 முதல் ஸொமெய்யே என்னும் பொறியியலார் காற்றால் இயங்கும் துளைக்கருவிகளை அங்கே புகுத்தினார். நீராவி யந்திரத்தை மலையினுட் கொண்டுபோனால் அதன் புகையே தொழிலாளரை மாய்த்துவிடும். காற்றோ, குழாய்வழிச் சென்று பாறையைத் துளைத்தபின் அவர்கள் மூச்சுக்கும் உதவியது. 1871இல் சுரங்கம் திறக்கப்பெற்றபோது ஸொமெய்யே உயிரோடில்லை. திறப்பிற்குச் சில வாரங்களுக்கு முன்னரே அவர் காலமாயினார். அன்று மலையைக் குடைந்த சக்தி இன்று நம் வீட்டுத் திண்ணையோரம் வந்து நிற்கிறது. கோயமுத்தூரில் 1960ஆம் ஆண்டில் தோன்றிய எல்ஜி கம்பெனி போன்ற தொழிற்சாலைகள் நம் நாட்டிலேயே இப்பொறிகளைச் செய்து வருகின்றன.

இனி, வாங்கும் முறைக்கு வருவோம். கடைக்காரர் பி.எஸ்.ஐ. என்பது, ஒரு சதுர அங்குலத்தின்மேல் இத்தனை ராத்தல் பாரம் என்பதே. நம்மைச் சூழ்ந்துள்ள இயல்பான காற்றே கடல்மட்டத்தில் 14.7 ராத்தல் அழுத்தத்தோடு நம்மேல் படிந்துள்ளது. பார் என்னும் மற்றோர் அளவு 14.5 ராத்தலுக்குச் சமம். எனவே 8 பார் எனின் 116 ராத்தல். காற்றை அடைக்கும் இடத்தைப் பாதியாகச் சுருக்கினால் அதன் அழுத்தம் இரட்டிக்கும் என்று 1662ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். பரீட்சை எழுதியதும் மறந்துவிடும் அவ்விதியே கடைக்காரர் சொல்லைச் சோதிக்க நமக்கு உரைகல்லாவது.

கடையில் மூன்று எண்களைச் சொல்வார்கள்: மோட்டாரின் குதிரைச் சக்தி, டாங்கியின் லிட்டர், அழுத்தத்தின் எல்லை. நாலாவதாக ஓர் எண் உண்டு. அதனை நாம் கேட்டாலன்றிச் சொல்லார். பொறி தன் வேலையழுத்தத்தில் நிமிஷத்துக்கு எவ்வளவு காற்றை வெளியே தருகிறது என்பதே அவ்வெண். பொறியின் மூச்சு என்று இதனைச் சொல்லலாம். டாங்கி வயிறு, இது மூச்சு. பெருவயிறு படைத்தவன் நெடுந்தூரம் ஓடுவான் என்று எவரும் கருதார். ஆனால் கம்பிரெஸர் வாங்கும்போது மட்டும் வயிற்றைக் கண்டே மயங்குகிறோம்.

இம்மூச்சைக் குறிக்கும் எண்ணிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. பொறியின் தகட்டில் நிமிஷத்துக்கு 200 லிட்டர் எனப் பொறித்திருப்பர். அது பெரும்பாலும் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும்போது துழாவும் இடத்தின் அளவே. வெளிவரும் காற்றின் அளவன்று. சிறிய பொறிகளில், 8 பார் அழுத்தத்துக்கு எதிராக அமுக்கும்போது அதில் மூன்றிலிரண்டு பங்கு, சில சமயம் அதனினும் குறைவாகவே காற்று கைக்கு வரும். 200 என்றது 125 ஆகிவிடும். "ஃப்ரீ ஏர் டெலிவரி எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்த கடைக்காரரிடம் வாங்குங்கள். தெரியாதவர் மோசக்காரர் என்று யாம் சொல்லவில்லை. அவரிடம் அப்பொறியின் விவரப் புத்தகத்தையாவது கேட்டு வாங்கிப் படியுங்கள். கன அடியில் எழுதியிருந்தால், ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சற்று மிகுதி என்று கொள்க.

இனிக் கருவிகளின் பசியைப் பார்ப்போம். தச்சர் பயன்படுத்தும் சிறிய ஆணித் துப்பாக்கி ஓர் ஆணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் காற்றையே உண்ணும். மெத்தை தைப்போரின் ஸ்டேப்ளரும் அவ்வாறே. இவற்றுக்கு ஒரு குதிரைச் சக்தியும் 24 லிட்டர் டாங்கியும் உடைய பொறியே தாராளம். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் சக்கரக் காற்று நிரப்பவும் அதுவே போதும். மெலமைன், பி.யூ. முதலிய பூச்சுகளைத் தெளிக்கும் ஸ்பிரே கன்னிடம் வரும்போதுதான் கதை மாறுகிறது. குறைந்த காற்றில் இயங்கும் சிறு வகைகள் நிமிஷத்துக்கு 100 முதல் 150 லிட்டரும், எச்.வி.எல்.பி. எனப்படும் பெரிய வகைகள் 250 முதல் 350 லிட்டரும் கேட்கும். காற்றால் சுழலும் மணற்றாள் தேய்ப்பானும் ஏறத்தாழ அப்பெரிய அளவையே ஓயாமற் கேட்கும்.

இரண்டு குதிரைச் சக்தியும் 50 லிட்டர் டாங்கியும் உடைய பொறி ஒன்றில், 250 லிட்டர் உண்ணும் ஸ்பிரே கன்னை மாட்டி ஒரு கதவுக்குப் பூச்சடிக்கிறோம் என்று கொள்வோம். பொறி தருவது 125 லிட்டர். 8 பாரில் நின்ற மோட்டார், 6 பாருக்கு இறங்கிய பின்னரே மீண்டும் ஓடத் தொடங்கும். அந்த 2 பார் இறக்கத்தில் 50 லிட்டர் டாங்கி தரும் காற்று, பாயிலின் கணக்குப்படி, 100 லிட்டர். 24 விநாடியில் தீர்ந்துவிடும். பின்னர் மோட்டார் ஓடினும் நிமிஷத்துக்கு 125 லிட்டர் பற்றாக்குறை. அழுத்தம் 6இலிருந்து 4 பாருக்கு இறங்க 48 விநாடி. ஆக 72 விநாடிக்குள் வேலை நின்றுவிடும். மீண்டும் 8 பார் சேர ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். அதற்குள் பூசிய ஓரம் உலர்ந்து, மறுபூச்சுச் சேருமிடத்தில் தழும்புபோல் தடம் விழும். அப்படித் தடம் விழுந்த கதவைக் காட்டிப் பெண்ணின் புது வீட்டுக்குப் பணம் கேட்பது எங்ஙனம்?

"பெரிய டாங்கி வாங்கினால் தீராதா?" என்பர். 100 லிட்டர் டாங்கி வைத்தால் 72 விநாடி 144 விநாடியாகும். ஆனால் காத்திருக்கும் நேரமும் மூன்று நிமிஷத்துக்கு மேலாகிவிடும். மூச்சு வளராதவரை வயிற்றை வளர்த்துப் பெரும்பயன் இல்லை. ஆதலின், நம்மிடமுள்ள அல்லது வாங்கப்போகும் கருவிகளுள் ஓயாமல் இயங்குவதும் மிகுதியாக உண்பதும் எது என்று கண்டு, அதன் தேவையினும் மூன்றிலொரு பங்கு கூடுதலாகக் காற்றுத் தரும் பொறியைத் தேர்க. அல்லது பொறிக்கு ஏற்ற சிறிய கருவியைத் தேர்க. இரண்டாவது வழி பெரும்பாலும் மலிவானது: மேற்சொன்ன அதே பொறியில் 110 லிட்டர் அளவே உண்ணும் சிறு ஸ்பிரே கன்னை மாட்டினால் கதவு முழுதும் தடையின்றி முடியும்; வேலை சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவே.

மணற்றாள் தேய்ப்பதற்காகவே பெரிய கம்பிரெஸர் வாங்க விரும்பும் இளைஞர்க்கு எம் கருத்தை ஒளியாமற் சொல்லிவிடுகிறோம்: வேண்டா. காற்றை அமுக்குவதில் செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாய்ப் போகிறது; பொறியின் தலைப்பகுதி தொட முடியாதபடி சுடுவதே அதற்குச் சாட்சி. காற்றுத் தேய்ப்பானுக்கு மூன்று குதிரைச் சக்தி, அஃதாவது 2,200 வாட்டு அளவான மோட்டார் உழைக்கவேண்டும். நேரே மின்சாரத்தில் இயங்கும் தேய்ப்பான் 300 வாட்டு அளவில் அதே வேலையைச் செய்துவிடும். துளையிடுதற்கும் அறுப்பதற்கும் இது பொருந்தும். ஆணியடித்தல், தெளித்தல், ஊதித் துடைத்தல், காற்று நிரப்பல் இவையே வீட்டுக் கம்பிரெஸருக்கு உரிய வேலைகள்.

பொறியின் வகைகளைச் சுருங்கச் சொல்வோம். மோட்டாரோடு நேரே பிணைத்தவை நிமிஷத்துக்கு 2,800 சுற்றளவில் விரைந்தோடும். இடம் சிறிது, விலை குறைவு, ஓசை மிகுதி. பெல்ட்டு மாட்டியவை மெல்ல ஓடும், நீண்டநாள் உழைக்கும், நாள்தோறும் பயன்படுத்துவோர்க்கு இவையே ஏற்றவை. எண்ணெயில்லா வகையில் பராமரிப்புக் குறைவு. பூச்சில் எண்ணெய்த்துளி கலவாது. பழைய எண்ணெயில்லா வகைகள் காதைப் பிளக்கும்; இப்போது மெல்லோசையுடையவையும் வந்துள்ளன. 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையை நாள்முழுதும் கேட்டால் செவிப்புலன் மங்கும். ஒட்டுச் சுவர் வீடுகளில் வாழும் நாம் அண்டை வீட்டுக் கைக்குழந்தையையும் நினைத்தே பொறியைத் தேரவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி மறவாமல் விசாரிக்கவேண்டும். வீட்டிலுள்ள 230 வோல்ட்டு ஒற்றைக் கட்ட இணைப்பில் இரண்டு குதிரைச் சக்தி வரை, 16 ஆம்பியர்ச் செருகியும் தடித்த கம்பியும் இருப்பின், ஒருவாறு ஓடும். புறப்படும் கணத்தில் மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப்போலப் பன்மடங்கு. மாலை வேளையில் வோல்ட்டேஜ் தாழ்ந்திருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே நின்று சுருள் கருகும். மூன்றும் அதற்கு மேலும் வேண்டுவோர் மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்து, தொழிலுக்குரிய இணைப்பைப் பெற்ற பின்னரே பொறிக்கு முன்பணம் கொடுக்க. வேலையிடம் தொலைவிலிருந்தால் மின்கம்பியை நீட்டற்க. காற்றுக் குழாயை நீட்டுக. நீண்ட மெல்லிய மின்கம்பி மோட்டாரைக் கொல்லும். நீண்ட குழாயோ, போதிய துவாரமுடையதாயின், சிறிது அழுத்தத்தையே குறைக்கும். ஆனால் சுவரோரம் நிலைக்குழாய் அமைக்கத் தண்ணீருக்கான பி.வி.சி. குழாயைப் பயன்படுத்தவே கூடாது. நீர் அழுத்தத்தில் அக்குழாய் வெறுமனே விரிந்து கசியும். காற்றழுத்தத்தில் உடைந்தால் கத்தி முனைகளாகச் சிதறிப் பாயும்.

இனி டாங்கியின் ஆபத்து. வாங்கும் மயக்கத்தால் பணமே போகும். இதனால் உயிர் போகும். ஆகையால் தாய்மார்களும் கேட்டருள வேண்டும்.

காற்றில் நீர் உண்டு. நம் பக்கத்து 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர்க் காற்று 30 கிராம் அளவு நீராவியைத் தாங்கவல்லது. கடற்கரை ஊரில் மழைக்கால நாளொன்றில் 24 கிராம் இருக்கும் என்று கொள்வோம். அக்காற்றை எட்டிலொன்றாகச் சுருக்கி டாங்கியில் அடைத்தால், அது குளிர்ந்தபின் 4 கிராமுக்குக் குறைவாகவே தாங்கும். எஞ்சிய 20 கிராமும் நீராய் டாங்கியின் அடியில் விழும். நிமிஷத்துக்கு 100 லிட்டர் இழுக்கும் பொறி ஒரு மணி ஓடினால் 6 கன மீட்டர். அஃதாவது 120 கிராம், அரைத் தம்ளருக்குக் குறையாத நீர். நாள்தோறும் இரண்டு மணி ஓடும் பட்டறையில் ஒரு வாரத்தில் ஒன்றரை லிட்டர் நீர் இரும்புக் கலத்தின் அடியில் கிடந்து, வெளியே எவர் கண்ணுக்கும் புலனாகாமல் அரித்துக்கொண்டிருக்கும். மேலே நீலப் பெயின்ட்டு பளபளக்கும். உள்ளே தகடு காகிதமாகிக்கொண்டிருக்கும்.

அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்தால் இந்நீர் அரை நிமிஷத்தில் வெளியேறும். செலவு யாதுமில்லை. எனினும், நாம் கண்ட வீட்டுப் பட்டறைகளிற் பலவற்றில் அத்திருகு பெயின்ட்டால் மூடி ஒட்டிக்கிடக்கிறது. வாங்கிய நாள் முதல் ஒருமுறையும் திறக்கப்பட்டதில்லை. குனிந்து எட்டவேண்டிய இடத்தில் அதனை அமைத்த யந்திரம் செய்வோரையும் சிறிது நோவதே முறை. ஒரு முழங்கைக் குழாயும் சிறு வால்வும் பொருத்தி அதனைப் பக்கவாட்டில் கைக்கெட்டுமாறு கொண்டுவந்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. வேலை முடிந்த மாலையில் மின்சாரத்தை நிறுத்தி, காற்றைப் பெரிதும் இறக்கி, சிறிதளவு எஞ்சியிருக்கும்போதே வடிகாலைத் திறந்தால் அக்காற்றே நீரைத் தள்ளிவிடும். இரவு முழுதும் திறந்தபடியே விடுக, காலையில் மூடுக. வரும் நீர் சற்றுப் பழுப்பாயிருத்தல் இயல்பு. துருச்செதில்கள் உதிர்ந்து வருமாயின் அதனை டாங்கி எழுதும் மரண ஓலை என்றே கொள்க.

50 லிட்டர் டாங்கியில் 8 பாரில் அடைபட்ட காற்று, 100 கிலோ மூட்டை ஒன்றைப் பத்துமாடி உயரத்துக்குத் தூக்கப் போதிய சக்தியுடையது. தகடு கிழிந்தால் அச்சக்தி முழுதும் கண்ணிமைப் பொழுதில் வெளிப்படும். டாங்கியைச் சோதிப்போர் அதில் காற்றையன்றி நீரை நிரப்பி, வேலையழுத்தத்தினும் மிகுதியாக அமுக்கிப் பார்ப்பதன் காரணம் இதுவே. நீர் சுருங்காததாகையால், கலம் கிழிந்தாலும் கசிந்து ஒழியுமேயன்றி வெடித்துச் சிதறாது.

இவ்விடத்தில் நம்மவர்க்கே சிறப்பாக உரைக்கவேண்டிய ஒன்று உண்டு. உடைந்ததை ஒட்டுவதும், ஓட்டையை அடைப்பதும் நம் கைத்திறம். தூக்கியெறிவது நமக்குப் பழக்கமில்லாதது. கலப்பையும் வண்டியும் கதவும் அவ்வாறே தலைமுறை தலைமுறையாய் உழைத்தன. அந்தப் பெருமிதத்தாலேயே, டாங்கியில் ஊசிமுனைத் துளை கண்டவுடன் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு மீண்டும் ஓட்டுகின்றோம். அன்பர்களே! இதனை மட்டும் செய்யாதீர்கள். துளை விழுந்த இடம் ஒன்றுதான். அதனைச் சுற்றி மெலிந்த இடம் ஒரு சாணளவு இருக்கும். வெல்டிங்கின் வெப்பம் அம்மெல்லிய தகட்டை மேலும் கெடுக்கும். கசியும் டாங்கி, ஒரு வகையில், நமக்கு எச்சரிக்கை தரும் நல்ல டாங்கி; அதன் வாயை அடைத்தால் அடுத்த முறை அது சொல்லாமலே வெடிக்கும். மோட்டாரைக் கழற்றிப் புது டாங்கியில் வையுங்கள். அவ்வாறே, பழைய சமையல் வாயு உருளையையும் குளிர்ப்பெட்டியின் மோட்டாரையும் இணைத்து வீட்டிலேயே கம்பிரெஸர் செய்யும் புத்திசாலித்தனமும் இக்காலத்து இளைஞரிடம் பரவியுள்ளது. வாயு உருளை எண்ணெய்க் கம்பெனியின் சொத்து, நம் சொத்தன்று என்பது ஒருபுறமிருக்க, அதில் நீர் வடியும் வழியும் இல்லை. காப்பு வால்வையும் எவரும் முறையாகப் பொருத்துவதில்லை.

காப்பு வால்வு என்பது, அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து காற்றை விடும் சிறு பித்தளை உறுப்பு. அதன் வளையத்தை மாதம் ஒருமுறை, கண்ணாடி அணிந்து, இழுத்துப் பார்த்தால் சீறவேண்டும். அது தானாகச் சீறிக்கொண்டேயிருந்தால் ஆணியடித்து மூடுவோரும் உளர். அவர் பட்டறைக்குள் யாம் கால் வைப்பதில்லை. அழுத்தச் சுவிச்சின் திருகை முறுக்கி 8 பாரை 10 ஆக்குவதும் அத்தகையதே. மோட்டார் நிற்கும்போது "புஸ்" என்று ஓர் ஓசை எழும், அது பிழையன்று. தலைப்பகுதியில் தங்கிய காற்றை விடுவித்து, அடுத்த முறை மோட்டார் சுமையின்றிப் புறப்பட வழிசெய்வது. அவ்வோசை நின்றுவிட்டால் மோட்டார் கருகுமுன் பழுது பார்க்க. எண்ணெய் வகையாயின் கம்பிரெஸருக்கென்றே விற்கும் எண்ணெயை விடுக. மரத்தூள் பறக்குமிடத்தில் காற்று வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டித் துடைக்க.

பூச்சுத் தெளிக்கும் அறையில் கம்பிரெஸரை வைத்தலாகாது. தின்னர் ஆவி நிறைந்த காற்றையே அது இழுக்கும். சுவிச்சிற் பிறக்கும் ஒரு பொறி அறையையே தீப்பற்றச் செய்யும். சுவருக்கு அப்பால், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடமே அதற்கு ஏற்றது. பூச்சின்மேல் நீர்த்துளி விழுந்து வெண்மை படர்வதாகப் பலர் குறைகூறுவர், பூச்சைப் பழிப்பர். டாங்கியை வடிப்பதோடு, ஸ்பிரே கன்னுக்கு அருகில் நீர்பிரிப்பான் ஒன்றைப் பொருத்தினால் அக்குறை பெரிதும் நீங்கும். பொறியருகே வைத்த நீர்பிரிப்பான் பயன் குறைந்தது. சூடான காற்று குழாயில் ஓடிக் குளிர்ந்த பின்னரே நீராகும்.

பெல்ட்டு வகையில் பெல்ட்டை மூடும் கம்பிவலையைக் கழற்றிவைத்து ஓட்டும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். வீட்டுப் பட்டறை வீட்டோடு சேர்ந்தது. காப்பி கொண்டுவரும் பெண்டிரின் முந்தானையும், ஓடிவரும் சிறுமியின் பின்னலும் அதனருகே செல்லும். மோட்டார் தானே நின்று தானே ஓடத் தொடங்குவது. நின்றிருக்கிறதென்று கை வைத்தவன் விரலை இழப்பான்.

சிறுவர் விஷயம் ஆசிரியனாகிய எமக்கு உறக்கத்தைக் கெடுப்பது. உடம்பின் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொள்ளுதல் பெரியோரிடம் உள்ள பழக்கம். பிள்ளைகள் அதைப் பார்த்தே கற்கின்றனர். தோலிற் சிறு காயம் இருந்தால் அவ்வழியே காற்று உட்புகும். கண்ணும் செவிப்பறையும் கெடும். துடைப்பதற்கான காற்று 30 ராத்தலுக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி; அதுவும் பொருள்களைத் துடைக்கவே, உடம்பைத் துடைக்க அன்று. இதனினும் கொடியது விளையாட்டு. குழாயைத் தோழனின் பின்புறத்தில் வைத்து ஊதிச் சிரிக்கும் கேலி ஒன்று பட்டறைகளில் உண்டு. குடல் கிழிந்துவிடும். 2024ஆம் ஆண்டில் பெங்களூரில் இளைஞர் ஒருவர் நண்பரின் இத்தகைய விளையாட்டால் உயிரிழந்தார். மகனுக்குப் பொறி வாங்கித் தரும் தந்தை, பொறி வீட்டுக்கு வந்த அன்றே, வெட்கத்தை விட்டு இதனை வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும். பள்ளியில் யாம் மாணவர்க்குச் சொல்லிவருகிறோம்; முதலில் சிரிப்பர், பின்னர் சிரிப்பு நின்றுவிடும்.

இறுதியாக, நம் அங்கத்தினர் குடும்பத்துத் தாயார் ஒருவர் இக்கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கேட்ட வினாவுக்கு விடை கூறவேண்டும். கணவர் மறைந்து ஆறாண்டுகள் ஆயின. அவர் பயன்படுத்திய கம்பிரெஸர் அன்று முதல் கொட்டகையிலேயே கிடக்கிறது. ஊரிலுள்ள இளைஞர் ஒருவர் அதனை நல்ல விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா என்பது கேள்வி. அவ்வம்மையாருக்குப் பணம் தேவை என்பதை அறிவோம். ஆயினும் பொறியை அப்படியே கொடுத்தல் கூடாது. ஆறாண்டு நீர் தேங்கிய டாங்கியை நம்புதற்கில்லை. தட்டிப் பார்த்து ஓசையால் அறிவோம் என்பாரின் செவியையும் நம்புதற்கில்லை. மோட்டார், பிஸ்டன் பகுதி, அழுத்தமானி, சுவிச்சு இவற்றைத் தனியே கழற்றி அவ்விளைஞருக்கே விற்கலாம். விலையிற் பெரும்பகுதி அவற்றிலேயே உள்ளது. அவர் வாங்கவேண்டியது புது டாங்கி ஒன்றுதான். பழைய டாங்கியைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுமுன், காற்று முழுதும் இறங்கியதை உறுதிசெய்து, பெருந்துளை ஒன்றை இட்டுவிடவேண்டும். துளையிடாமற் போட்டால் அது புதுப் பெயின்ட்டோடு வேறொரு பட்டறைக்கு மீண்டும் போய்ச் சேரும். வரும் ஞாயிறன்று காலையில் யாமே வந்து கழற்றித் துளையிட்டுத் தருவோம். அவ்விளைஞரும் உடன் இருப்பாராயின் நலம். டாங்கியின் உட்புறத்தை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும்.